மஞ்சள் வைத்த கித்தான் பை

சுகிர்தனுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. சட்டைப் பொத்தான் அறுந்தால் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, "இது கிடக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிற ஆள் அவன். பிரபாலினிக்கு இது தெரியாமல் போக வழியில்லை. அவளுடைய சொந்த அக்கா சுபத்ராவைத்தான் அவன் கட்டியிருந்தான். அப்பேர்ப்பட்டவன் ஒரு சனிக்கிழமை காலையில் முழுக் கழகத்துக்கும் முன்னால் அவள் தைத்த பையைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தையலைப் பற்றிப் பிரசங்கம் செய்தான் என்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

"நூல் பொலியெஸ்டர்," என்றான் ஜெர்மனில். லைட்டரை எடுத்து ஒரு நூல் நுனியைச் சுட்டான். நுனி உருகிக் கறுப்பு உருண்டையானது. "பருத்தி நூல் என்றால் சாம்பலாகும். லினன் என்றாலும் சாம்பலாகும். இது உருகுகிறது. இந்தப் பை காட்டுக்குள் வர முடியாது."

விதி விதிதான், அதை அவள் மறுக்கவில்லை. ஜெர்மனியின் ஹம் நகரத்துக்குத் தெற்கே, காட்டோரமாக இருந்த அந்த வில்லாளர் கழகம் பழைய முறையில் மட்டுமே எய்கிற கழகம். குறி பார்க்கிற கருவி கிடையாது, சக்கரம் பூட்டிய வில் கிடையாது. மரவில், மர அம்பு, அம்பின் வாலில் இறகு, அவ்வளவுதான். காட்டுக்குள் அங்கங்கே ரப்பரில் செய்த பன்றி, கரடி, மான் எல்லாம் நிற்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போய் எய்ய வேண்டும். விரலுக்குப் போடுகிற தோல், மாற்று நாண், மெழுகு, தண்ணீர்ப் போத்தல், ஒரு அப்பிள், இவையெல்லாம் தோளில் மாட்டிய பைக்குள் கிடக்கும். அந்தப் பையும் பழைய முறையில்தான் இருக்க வேண்டும். துணி அல்லது தோல். இழுத்து மூடுகிற சிப் கூடாது, பிளாஸ்டிக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கொண்டுவருகிறவர் தன் கையாலேயே தைத்திருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை இந்தக் கோடையில் வேண்டுமென்று கேட்டுக் கொண்டுவந்தவனே சுகிர்தன்தான். வருகிறவர்களின் சாமான்களைச் சோதித்து உள்ளே விடுகிற பொறுப்பும் அவனிடம்தான் இருந்தது.

அவனுடைய பையோ, சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு வடிவு. பச்சைக் கித்தான், இரண்டு பக்கமும் மடித்து அடித்த ஓரம், ஒரு தையல் போலவே அடுத்த தையல். கழகத் தலைவி ஹைட்ருன் வேலையிலிருந்து இளைப்பாறிய தையல் ஆசிரியை, அந்தக் கிழவி அந்தப் பையைக் காணும்போதெல்லாம் விரலால் தடவிப் பார்த்து, "இப்படிக் கை எத்தனை ஆணுக்கு இருக்கிறது, சுகிர்தன்!" என்பாள். அவனும் கூச்சப்படுகிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரிப்பான். பிரபாலினிக்குப் பற்றிக்கொண்டு வரும். அது யாருடைய கை என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் அடி அவனுக்கு விழாது, அக்காவுக்குத்தான் வீட்டில் பேச்சு விழும் என்பதும் தெரியும். அதனால் இவ்வளவு நாளும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பையைத் திருப்பிக் கொடுக்கும்போது அவன் தமிழுக்கு மாறினான். "பஸ் ஓட்டுற கைக்கு உது சரிவராது, மச்சாள். வீட்டை போய்ச் சமையலைப் பார்."

"அப்ப உங்கட பையை ஒருக்காத் தாங்கோ அத்தான்," என்றாள் அவள். "எப்பிடித் தைச்சனீங்கள் எண்டு பாத்துப் பழகுவம்."

அவன் பையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான்.

இந்தப் பகை பெரிய காரணத்தால் வந்ததில்லை. பல வருடமாக அந்தக் கழகத்தில் அவன் ஒருவன்தான் தமிழன். உள்ளூர்ப் பத்திரிகையில் வில்லும் கையுமாக அவனுடைய படம் வந்தது. ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குக்கூட கழகத்தின் பெயர் போட்ட சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பான். பிறகு பிரபாலினி சேர்ந்தாள். நாள் முழுவதும் நகரப் பேருந்தை ஓட்டி, கத்துகிற பெடியங்களையும் முறைக்கிற கிழவர்களையும் ஏற்றி இறக்கி அலுத்த அவளுக்கு, சனிக்கிழமைகளில் அந்தக் காட்டுக்குள் ஒருவரும் கூப்பிடாமல் நடப்பது மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இந்த வசந்தத்தில் நடந்த போட்டியில் அவள் அவனை வென்றுவிட்டாள். அன்றைக்கு அவன் கை கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அக்கா வீட்டுக் கதவும் மூடிக்கொண்டது. இந்த வருடத் தேரில், தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் எதிரே வந்த சுபத்ரா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். கூடப் பிறந்தவள்!

இரண்டாவது பையைத் தைக்க அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒல்லாந்துத் துணி வியாபாரிகள் நகரத்துக்கு வந்து சந்தை போட்ட நாளில், சாயம் போடாத தடித்த பருத்திக் கித்தான் வாங்கினாள். அப்படித் தடித்த துணி, மடித்தால் நிற்கும். சமையலறை மேசையில் பழைய பத்திரிகையை வெட்டி அளவு வைத்தாள். கத்தரிக்கோலைத் துணியில் வைக்க முன், ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துத் துணியின் ஒரு மூலையில் பொட்டு மாதிரி வைத்தாள். இது யோசித்துச் செய்கிற காரியமில்லை. புதுத் துணி வீட்டுக்கு வந்தால் மூலையில் மஞ்சள் வைப்பது அவர்கள் வீட்டில் பல் விளக்குகிற மாதிரி ஒரு பழக்கம். அவசரத்தில் தண்ணீர் கூடிவிட்டது. மஞ்சள் ஊறிப் பரவி உள்ளங்கை அளவாயிற்று.

"சனியன்," என்று தன்னையே திட்டிக்கொண்டு, அந்த மூலை பையின் அடிப்பக்கம் வருகிற மாதிரி வெட்டினாள்.

இந்த முறை லினன் நூல். நூலைத் தேன்மெழுகில் இழுத்து இழுத்துத் தைத்தாள். கித்தான் ஊசிக்கு இலேசில் வழி விடாது. இரண்டு ஊசி முறிந்தது, பெருவிரல் புண்ணானது. அடிப்பக்கம் இரட்டைத் துணி, உள்ளே மெழுகுக்கும் நாணுக்கும் சின்னப் பை. வார் நாலு விரல் அகலம். அதில் இரும்புக் கொளுக்கி போடவில்லை, போட்டால் வில் நாண் விடுபடும்போது அதில் போய் மாட்டிக்கொள்ளும். மூடியில் மரக் கிளை ஒன்றைச் சீவித் துளை போட்டுப் பொத்தானாக வைத்தாள். அக்காவின் தையல் மாதிரி வரவில்லைதான். சில இடத்தில் கோணியது. ஆனால் ஒவ்வொரு தையலும் அவளுடையது.

தைத்து முடித்தபோது பை முழுக்கப் பென்சில் கோடும் கை அழுக்குமாக இருந்தது. அவள் வேலைக்குப் போகிற அவசரத்தில் பழைய மாதிரிக் கட்டிச் சவர்க்காரத்தைப் போட்டுத் தேய்த்தாள். அடி மூலை செங்கல் நிறத்துக்குச் சிவந்தது. ஐயோ! மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும் என்பது எந்தத் தமிழ் வீட்டுச் சமையலறையிலும் தெரிந்த விஷயம். கோபத்தில் தைத்தவளுக்கு அது மறந்து போயிற்று. வடிவாக அலசியிருந்தால் நிறம் திரும்பியிருக்கும். அலசப் பொறுமை இல்லை. அரைகுறையாக அலசிக் காய வைத்து, மழை உள்ளே போகாமல் இருக்கத் தேன்மெழுகைப் பூசி, தலைமயிர் உலர்த்துகிற கருவியால் சூடு காட்டி உருக்கினாள். மெழுகு துணிக்குள் இறங்கியது. சிவப்பும் அதற்குக் கீழே அப்படியே தங்கிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை சுகிர்தன் அந்தப் பையை எடுத்து நூலைச் சுட்டான். சாம்பல். வாரை இழுத்தான். அறவில்லை. பையைக் கவிழ்த்தான். அடியில் இருந்த சிவப்பைக் கண்டதும் கட்டைவிரலை அதன்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போனை எடுத்து ஒரு படம் எடுத்தான்.

"உது என்னத்துக்கு?" என்றாள் அவள்.

"சும்மா. எல்லாற்ற பையையும் எடுக்கிறனான்." அவன் சிரித்தான். "போ, மச்சாள். போய் எய்."

அவன் சிரித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சந்தோஷத்தில் அதை விட்டுவிட்டாள்.

அந்தக் கிழமைக்குள் காட்டில் ஒரு மான் செத்துச் சில நாளாகிக் கிடந்தது. கழகத்தின் இலக்குகளுக்குப் பின்னால் இருந்த புதருக்குள், விலாவில் ஒரு ஓட்டையோடு. கண்டெடுத்தவர் ஏபர்ஹார்ட், அந்தக் காட்டில் வேட்டையாடும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர், கழகக்காரரைக் கண்டாலே ஆகாத மனுஷன். துப்பாக்கிச் சன்னம் இல்லை, அப்படியென்றால் அம்புதான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். ஜெர்மனியில் வில்லால் வேட்டையாடுவது குற்றம். அடுத்தவர் குத்தகைக் காட்டில் மானைக் கொல்வது திருட்டும்கூட. 'ஆளின் பெயரைத் தாருங்கள், இல்லாவிட்டால் முழுக் கழகத்தையும் பொலிசில் எழுதிக் கொடுப்பேன்' என்று அவர் ஹைட்ருனுடைய வாசலில் நின்று கத்தியிருக்கிறார். பெயரை அவள் கொடுக்கவில்லை. சுகிர்தன்தான் போனில் இருந்த படத்தைக் காட்டினான்.

பிரபாலினிக்கு ஹைட்ருனிடமிருந்து ஒரு வரிதான் வந்தது: சனிக்கிழமை கூட்டம், பையோடு வரவும்.

கழகத்தின் மரக்கொட்டிலுக்குள் எல்லாரும் வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் போனபோது ஒருவரும் தள்ளி இடம் விடவில்லை. போன கிழமை வரை அவளோடு அப்பிளைப் பாதியாக வெட்டித் தின்றவர்கள்! அவள் நின்றுகொண்டே இருந்தாள். சுவரில் வழக்கம்போல எல்லாருடைய பைகளும் ஆணிகளில் தொங்கின. சுகிர்தனின் பச்சைப் பை நடுவில். அவளுடையதை மட்டும் வாசலிலேயே வாங்கி, மேசையில் ஏபர்ஹார்ட்டுக்கு முன்னால் கவிழ்த்து வைத்தார்கள்.

"இது இரத்தம்," என்றார் அவர். "முப்பது வருடமாக மான் உரிக்கிறேன். எனக்குச் சொல்லித் தர வேண்டாம். இறைச்சியை இதற்குள் போட்டுக் கொண்டு போக நினைத்திருக்கிறாள்."

"மான் முழுதாகக் கிடந்தது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றாள் பிரபாலினி. "அப்படியென்றால் எதை நான் பைக்குள் போட்டேன்?"

"யாரோ வர, விட்டுவிட்டு ஓடியிருப்பாய்."

"அது மஞ்சள். சமையலுக்குப் போடுகிற மஞ்சள். புதுத் துணிக்கு நாங்கள் மஞ்சள் வைப்போம். சவர்க்காரம் பட்டால் சிவக்கும்."

ஏபர்ஹார்ட் மேசையில் ஓங்கி அடித்தார். "மஞ்சள் மஞ்சளாக இருக்கும்! நானும் கறி தின்றிருக்கிறேன். சிவப்பு மஞ்சள் என்று யாருக்குக் காதில் பூச் சுற்றுகிறாய்?"

யாரோ சிரித்தார்கள். பிரபாலினியின் காது இரண்டும் சுட்டது. இந்த நகரத்தில் சீருடை போட்டுப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். நாளைக்குப் பொலிஸ் வந்தால், முன் கதவால் ஏறுகிற ஒவ்வொருத்தனும் மான் திருடி என்றுதான் அவளைப் பார்ப்பான். இந்தக் காடும் இன்றோடு சரி.

ஹைட்ருன் கையைத் தூக்கி எல்லாரையும் அமர்த்தினாள். அவள் முகத்தில் அன்பும் இல்லை, பகையும் இல்லை. "இவளைக் கழகத்தில் வைத்திருப்பதா என்ற வாக்கெடுப்புக்கு முன் ஒன்று கேட்க வேண்டும். சுகிர்தன், நீயும் அதே ஊர் ஆள்தானே. இவள் சொல்கிற வழக்கம் உங்களிடம் இருக்கிறதா?"

பிரபாலினி அவனைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் ஒரு சொல்லில் முடிகிற விஷயம். எவ்வளவு பகை என்றாலும் இதில் பொய் சொல்ல மாட்டான் என்று, அந்தக் கடைசி நேரத்திலும் அவள் ஒரு மடத்தனமான நம்பிக்கையோடு நின்றாள்.

சுகிர்தன் தொண்டையைச் செருமினான். "எங்களிடம் அப்படி ஒரு வழக்கமும் இல்லை. நான் கேள்விப்பட்டதே இல்லை. மஞ்சள் குழம்புக்குப் போடுகிற சாமான். எனக்கும் கவலைதான், அவள் என் மனைவியின் தங்கை. ஆனால் பொய்க்கு நான் துணை போக முடியாது."

அடப் பாவி! கவலையாம்! கலியாணத்துக்கு அவன் உடுத்திய பட்டு வேட்டியின் கரையில் மஞ்சள் பூசித்தானே தட்டத்தில் வைத்துக் கொடுத்தார்கள்? அந்தப் படம் இன்னும் அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பிரபாலினிக்கு வாய் வரை வசவு வந்தது. அதை விழுங்கினாள். திட்டினால் கேட்கிறவர்களுக்கு இரண்டு தமிழர் தமிழில் சண்டை பிடிப்பதுதான் தெரியும்.

அப்போதுதான் சுவரில் தொங்கிய பச்சைப் பை அவள் கண்ணில் பட்டது.

அக்கா முகம் துடைக்கிற கைலேஞ்சிக்குக்கூட மஞ்சள் வைக்காமல் வெளியே கொடுக்க மாட்டாள். அப்படியென்றால்?

அவள் போய் ஆணியிலிருந்து அந்தப் பையை எடுத்தாள். "ஏய், அதை வை!" என்று சுகிர்தன் எழுந்து வந்தான். தமிழில் கத்தினான். "வை எண்டு சொல்லுறன்! கை வைக்காத!" முன் வாங்கில் இருந்தவனுடைய கால் குறுக்கே நின்றதால் அவனால் உடனே வர முடியவில்லை. பிரபாலினி மூடியைத் திறந்து, உள் மூலைகளை ஒவ்வொன்றாக வெளியே திருப்பினாள். முதல் மூலையில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூடியின் மடிப்புக்கு அடியில், வெயில் படாத இடத்தில் இருந்தது, குன்றிமணி அளவில் ஒரு மஞ்சள் பொட்டு. அக்கா அளவாக வைப்பாள். தங்கச்சி மாதிரி ஊற்ற மாட்டாள்.

"இது என்ன?" என்று அதை ஹைட்ருனின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மஞ்சள் கறை," என்றார் ஏபர்ஹார்ட். "அதுதான் சொல்கிறேனே, மஞ்சள் மஞ்சளாகத்தான் இருக்கும்."

கொட்டிலின் மூலையில் கை கழுவுகிற தொட்டியில் கட்டிச் சவர்க்காரம் கிடந்தது. பிரபாலினி அதை நனைத்து அந்தப் பொட்டின்மேல் வைத்துத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கப் பொட்டு சிவந்தது. கித்தானில் செங்கல் நிறம் ஈரத்தோடு பரவியது. அவள் தன் பையை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே நிறம்.

"சுகிர்தனும் மான் கொன்றிருக்கிறாரோ?" என்றாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஏபர்ஹார்ட் குனிந்து பார்த்தார், விரலால் தொட்டார், மோந்தும் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

ஹைட்ருன் சுகிர்தனைத் திரும்பிப் பார்த்தாள். "கேள்விப்பட்டதே இல்லை என்றாய். உன் பைக்குள் நீயே இதை வைத்திருக்கிறாய். தெரிந்துகொண்டா இவளைப் பொலிசுக்கு அனுப்பப் பார்த்தாய்?"

"நான் வைக்கவில்லை!" சுகிர்தனுக்கு வியர்த்துக் கொட்டியது. "சத்தியமாக எனக்கு இது தெரியாது! நான் வைக்கவே இல்லை. சுபத்ரா தைக்கும்போது வைத்திருப்பாள்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு விளங்கியது.

"யார் தைக்கும்போது?" என்றாள் ஹைட்ருன், மெதுவாக.

எவ்வளவு காலம் அந்தக் கிழவி அந்தத் தையலைத் தடவித் தடவிப் புகழ்ந்திருக்கிறாள்! அவள் பச்சைப் பையை எடுத்து, ஒரு முறை ஓரத் தையலில் விரலை ஓட்டி, அவன் கையில் கொடுத்தாள். "இது மிக நல்ல பை. உன் மனைவியிடம் சொல். ஆனால் இது உன் பை இல்லை. நீயே ஒன்று தைத்துக்கொண்டு வருகிற வரைக்கும் காட்டுக்குள் வராதே. லினன் நூல். நானே சுட்டுப் பார்ப்பேன்."

பிரபாலினியைத் தாண்டிப் போகும்போது அவன் பல்லுக்குள் சொன்னான், "இதுக்கு நீ அனுபவிப்பாய்."

"ஊசி முறியும் அத்தான்," என்றாள் அவள். "ரெண்டு மூண்டாய் வாங்கி வையுங்கோ."

மன்னிப்பு என்று ஒரு சொல்லை ஏபர்ஹார்ட் சொல்லவில்லை. மானின் விலாவைக் குத்தியது பக்கத்துத் தோட்டத்து வேலிக் கம்பி என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார் என்பதையும் ஹைட்ருன்தான் பிறகு போனில் சொன்னாள். அன்றைக்கு வாங்கில் இடம் விடாதவர்கள் அடுத்த சனிக்கிழமை அப்பிள் நீட்டினார்கள். பிரபாலினி வாங்கவில்லை. அவள் பைக்குள் அவளுடைய அப்பிள் இருந்தது.

அதற்கு அடுத்த நாள் அக்கா போனில் கூப்பிட்டாள். வசந்தத்துக்குப் பிறகு முதல் தடவை. வணக்கம், சுகம், ஒன்றும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே பாய்ந்தாள்.

"நீ ஏனடி என்ர பேரை உந்த வெள்ளையளுக்கு முன்னால இழுத்தனீ? அந்த மனுசன் ஒரு கிழமையா வீட்டில என்னைத் தின்னுது. என்ன நெஞ்சழுத்தமடி உனக்கு?"

"நான் இழுக்கேல்லை அக்கா. நான் மஞ்சளைத்தான் காட்டினனான். உங்கட பேரைச் சொன்னது அத்தான்."

"அவரோ?"

"ஓம். அவர்தான்."

"சுபத்ரா எண்டே சொன்னவர்? பேரைச் சொல்லி?"

"சுபத்ரா தைச்சவள் எண்டு எல்லாருக்கும் கேக்கக் கத்திச் சொன்னவர்."

போன் அறுந்துவிட்டதோ என்று பிரபாலினி காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறவில்லை. அக்காவின் குரல் மறுபடி வந்தபோது சூடு குறைந்திருந்தது. "அந்தத் தலைவி மனுசி… தையலைப் பற்றி ஏதும் சொன்னவவோ?"

"வருசக்கணக்காச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறா. இப்பிடிக் கை ஆருக்கு இருக்குது எண்டு. உங்களுக்குத்தான் ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. மிக நல்ல பையாம், உங்களிட்டச் சொல்லச் சொல்லி அத்தானிட்டத்தான் சொல்லி விட்டவ. சொல்லேல்லையோ?"

"இல்லை," என்றாள் சுபத்ரா. பிறகு, அவசரமாக, "அதுக்காக உன்னோட எனக்குக் கோவம் போயிட்டுது எண்டு நினைக்காத."

"நான் நினைக்கேல்லை. எனக்கும் போகேல்லை."

அக்காவுக்குப் பின்னால், அறையின் மறுபக்கத்திலிருந்து சுகிர்தன் கத்துவது போனில் தெளிவாகக் கேட்டது. "சுபத்ரா! ஆரோட கதை? இஞ்ச வா, உந்த நூலை ஒருக்காக் கோத்துத் தா. சனியன், நுழையுதில்லை!"

சுபத்ரா போனை மூடவில்லை. வாயை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினாள்.

"நீங்களே கோத்துப் பாருங்கோ," என்றாள்.